நாப்பது ஸ்டூல்

பயப்படாதீங்க சார், இந்த மசாஜ் நாற்காலி காலைப் பிடிக்கும். அது அப்படித்தான். ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு வந்து கெண்டைக்காலைக் கவ்வும். பத்து நிமிஷம் ஆகுத வரைக்கும் விடாது. இழுத்துப் பாக்காதீங்க. போன வாரம் ஒரு பாங்கு மேனேஜர் பயந்துபோயி இழுத்து, ஒரு செருப்பு உள்ளேயே மாட்டிக்கிட்டு, ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போனாரு. கையை அந்தக் குழிக்குள்ள விடுங்க. ஆங். இப்பக் கையையும் பிடிக்கும். இனி நீங்க எங்கயும் போக முடியாது. நிம்மதியா இருங்க.

என் பேரு பேச்சிமுத்து. இந்த மூணாவது மாடிக்கு இன்சார்ஜ். இன்னைக்கு நேத்து இல்லை சார், இருபத்தெட்டு வருஷமா இதே மாடிதான். கட்டடம் ஒண்ணுதான், கடைதான் மாறிட்டு. முந்தி இது அரங்கநாயகம் ஜவுளிக்கடல். திருநெல்வேலி ஜில்லாவுல இங்க சேலை எடுக்காமக் கல்யாணம் முடிச்சவன் ஓடிப்போயிக் கல்யாணம் முடிச்சவனாத்தான் இருப்பான். கீழ பாத்திரம் பலசரக்கு, ஒண்ணாவது மாடி சட்டைத் துணி, ரெண்டாவது சுடிதார், மூணாவது பட்டு. நீங்க இப்ப சாஞ்சு கிடக்கீங்கல்லா, அது முகூர்த்தப் பட்டு கவுண்டர். உங்க தலை இருக்குத இடத்துல எத்தனை பொண்ணுக தலையில முந்தானையைப் போட்டுக் கண்ணாடி பாத்திருக்கு தெரியுமா?

பெரிய முதலாளி கண்ணை மூடினாரு. பிள்ளைக மூணு பேரும் மூணு திக்காப் போனாவ. ஜனமும் செல்போன்ல சேலை வாங்கப் படிச்சுக்கிட்டு. ஒரு வருஷம் பூட்டிக் கிடந்துச்சு சார், வவ்வால் தொங்குச்சு. அப்புறம் சின்ன முதலாளி ஏதோ ஒரு நாட்டுக்குப் போயி எதையோ பாத்துட்டு வந்தாரு. "அண்ணாச்சி, இனிமே ஜனங்க சாமான் வாங்க வர மாட்டாங்க, பொழுதைப் போக்கத்தான் வருவாங்க"ன்னாரு. ஜவுளிக்கடல் போர்டை இறக்கி, முன்னால இருந்த மூணு எழுத்தை மட்டும் ரெண்டாக்கி ஜாலிக்கடல்னு ஏத்திட்டாவ. கடல் பழைய கடல்தான்.

வரும்போது பாத்திருப்பீங்க. பாத்திரக்கடையில இப்பப் பிரியாணி. சட்டைத் துணி மாடியில பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்குதாவ. அந்த மாடியில சட்டையைப் போட்டுப் பாக்குத அறை வரிசையா பதினாறு இருந்துச்சு. அதுக்குக் கருப்புப் பெயிண்டை அடிச்சு, ரெண்டு மண்டையோட்டைத் தொங்கவிட்டு, பேய்வீடுன்னு எழுதிட்டாவ. முந்தியும் அதுக்குள்ள போனவன் முகம் வெளுத்துத்தான் வருவான், விலைச் சீட்டைப் பாத்துட்டு. சுடிதார் மாடியில ரப்பர் மெத்தையைப் போட்டுப் பிள்ளையளத் துள்ள விடுதாவ. இங்ஙன பன்னெண்டு மசாஜ் நாற்காலி, அந்தப் பக்கம் பொறந்தநாள் ஹால். எஸ்கலேட்டர் மட்டும் மாறலை. அன்னைக்கும் ஓடலை, இன்னைக்கும் ஓடலை.

தோளை இறுக்குதா? இறுக்கட்டும், நல்லது.

ஆவணி மாசம் ஒரு கூத்து கேளுங்க. முக்கூடல் பக்கமிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி, வேன்ல இருபத்திரண்டு பேரு. மூணு தலைமுறையா இங்கதான் பட்டு எடுக்காவ. கடை மூடினது தெரியாது. நல்ல நேரம் பாத்து, தட்டுல வெத்திலை பாக்கு மஞ்சளோட படியேறி வந்துட்டாவ. பாத்தா பட்டு இல்லை, பந்து. பொண்ணோட தாய்மாமா கண்ணு கலங்கிட்டாரு. நல்ல நேரத்துல ஏறிட்டு வெறுங்கையோட இறங்கலாமா? சகுனம் என்னத்துக்காகும்? சின்ன முதலாளி விடுவாரா, "மாமா, ஒரு ரவுண்டு போட்டுட்டுப் போங்க, போணியாச்சுன்னு வச்சுக்கிடலாம்"ன்னாரு. தாய்மாமா வேட்டியை மடிச்சுக் கட்டி, கிழக்க பாத்து நின்னு, சாமியைக் கும்பிட்டு ஒரு பந்தை உருட்டுனாரு. ஆறு கட்டை விழுந்துச்சு. பொம்பளைக எல்லாம் குலவை போட்டுட்டாவ. அந்தப் பொண்ணு இப்ப மாசமாம், நல்லாத்தான் இருக்காளாம்.

பத்து நிமிஷம் முடிஞ்சுட்டு. இருங்க, இன்னொரு பத்து போடுதேன். இது உங்களுக்கு இனாம். ஏன்னு கேக்காதீங்க. வேண்டாம்னு தலையை ஆட்டுதீங்களா, இல்லை மெஷின் ஆட்டுதா? தெரியலை. மெஷின்தான் ஆட்டும், கழுத்துக்கு நல்லது.

நீங்க யாருன்னு நீங்க சொல்ல வேண்டாம் சார். இத்தனை வருஷம் ஆள் முகத்தைப் பாத்து சேலை எடுத்துப் போட்டவன் நான். முழுக்கைச் சட்டை, பையில ரெண்டு பேனா, கையில ஃபைலு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒத்தை ஆம்பளை பொழுதுபோக்கவா வருவாரு? சரி சரி, நான் ஒண்ணும் கேக்கலை. நீங்க கேக்க வேண்டியதை நானே சொல்லுதேன்.

காலையில பத்து மணிக்கு இங்ஙன வந்து நின்னேன்னா, ஒம்பது ஆகும் வீட்டுக்குப் போக. என்னைச் சுத்திப் பன்னெண்டு நாற்காலி. ஒவ்வொண்ணும் ராஜா உக்காருத மாதிரி. ஒண்ணுலயும் நான் உக்காரக் கூடாது. ஆளே இல்லைன்னாலும் உக்காரக் கூடாது. மூட்டு தேஞ்சுட்டு சார். டாக்டர் படத்தை வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, "இன்னும் ஒரு வருஷம் இப்படி நின்னீங்கன்னா, அப்புறம் நீங்க ஆசைப்பட்டாலும் நிக்க முடியாது"ன்னுட்டாரு. மக நர்சிங் கடைசி வருஷம். வேலையையும் விட முடியாது, காலையும் விட முடியாது. ஒரு ஸ்டூல் கேட்டேன். சிம்மாசனமா கேட்டேன்? ஒரே ஒரு ஸ்டூல்.

சின்ன முதலாளி என்ன சொல்லுதாரு தெரியுமா? "அண்ணாச்சி, நீங்க உக்காந்தா கஸ்டமருக்கு நம்ம மேல மதிப்புப் போயிரும். வேலைக்காரன் நின்னாத்தான் கடை நிக்கும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?" சொன்னேன் சார். இல்லைங்கலை. அதுக்காக? அறுபதை எட்டிப் பிடிக்கப்போற மனுஷனை பதினோரு மணி நேரம் நிக்க வைக்கதா? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாவ? அவருக்கு என்ன தெரியும், ஏசி ரூம்ல சுத்துத நாற்காலியில இருக்கவருக்கு.

நானும் ஆள வச்சு வேலை வாங்கினவன்தான். இந்த மாடியில மட்டும் நாப்பது பிள்ளையள் என் கைக்குள்ள. நாப்பதும் என் மக மாதிரி. ஒருத்தியையும் உக்கார விட்டதில்லை. வெறுமனே சத்தம் போட்டா ஆகுமா? யோசிக்கணும் சார். கஸ்டமர் இல்லாத நேரம் பாத்து துணிக்கட்டு மேல லேசா குண்டியைச் சாய்ப்பாளுக. துணிக்கட்டுகளையெல்லாம் தலைக்கு மேல அடுக்க வச்சேன். அப்புறம் கவுண்டருக்குப் பின்னால இருக்கில்லா பலகை, அதுல ஒட்டிக்கிடுவாளுக. ஆசாரியை வரச்சொல்லி அந்தப் பலகையைச் சரிவா அடிக்கச் சொன்னேன். உக்காந்தா வழுக்கி விட்டுரும். பெரிய முதலாளி வந்து பாத்துட்டு, "பேச்சிமுத்து, நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்டே"ன்னாரு. எல்லார் முன்னாலயும் சொன்னாரு.

எனக்கு நாற்காலி இருந்துச்சு. மறைக்கலை. தேக்கு, கை வச்சது, அந்தா அந்தத் தூணுக்குப் பக்கத்துல கிடக்கும். ஆனா அது உக்காரதுக்கு இல்லை சார், பாக்கதுக்கு. ஒருத்தன் ஒரு இடத்துல இருந்து பாத்தாத்தானே நாப்பது பேரும் நிக்காளுகளான்னு தெரியும்?

அப்பத்தான் அந்தச் சட்டம் வந்துச்சு. உங்களுக்கு நான் சொல்லணுமா? கடையில நிக்கவங்க உக்காரதுக்கு இடம் குடுக்கணும்னு. பெரிய முதலாளிக்கு மூச்சு முட்டிட்டு. நான் சொன்னேன், முதலாளி, சட்டத்தை மதிப்போம், ஸ்டூல் வாங்குவோம், ஆனா கவரைப் பிரிக்க வேண்டாம். நாப்பது ஸ்டூல் வந்து இறங்குச்சு, பாலித்தீன் கவரோட. நேரா மொட்டைமாடி குடோனுக்கு ஏத்திட்டேன்.

தொழிலாளர் ஆபீசர் ஒருநாள் பாக்க வரத்தானே செய்வாரு? அதுக்கு ஒரு முறை வச்சேன். வந்ததும் கீழ ஏசி ரூம். உடனே பாதாம்பால். சுடச்சுடக் குடுக்கணும், அங்கதான் சூட்சுமம். ஆறினதைக் குடுத்தா ஒரே மடக்குல குடிச்சுட்டு மேல ஏறிருவாரு. கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா ஊதி ஊதிக் குடிக்கப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல சாமான் லிப்டுல நாப்பது ஸ்டூலும் இறங்கிரும். அன்னைக்கு ஆபீசர் மீசையில பாலோட மேல வந்து பாத்தாரு. நாப்பது பேரும் ராணி மாதிரி உக்காந்திருக்காளுக. "இப்படித்தான் உக்கார விடுதாங்களா?"ன்னு கேட்டாரு. "ஆமா சார், உக்காந்துதான் சார் யாவாரம் பாக்கோம்"ன்னாளுக. நான் பத்துத் தடவை சொல்லிக்குடுத்தது. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு கீழ இறங்கினதும் ரெண்டு தட்டு கை தட்டினேன். முப்பத்தொம்பது பேரும் எந்திரிச்சாளுக.

ஒருத்தி எந்திரிக்கலை.

முப்பிடாதின்னு பேரு. சங்கரன்கோயில் பக்கத்துப் பிள்ளை. பதினோரு வருஷம் நம்மகிட்ட. வேலையில குறை சொல்ல முடியாது, ஒரு சேலை கேட்டு வந்தவளை மூணு எடுக்க வச்சு அனுப்புவா. கெண்டைக்கால்ல பச்சைப் பச்சையா நரம்பு முறுக்கிக்கிட்டு நிக்கும், நானே பாத்திருக்கேன். "ஏட்டி, எந்திரி"ன்னேன். "இல்லை சார்"ன்னா. அவ்வளவுதான். சத்தம் போடலை, அழலை, சட்டம் பேசலை. மடியில ஒரு சேலையைப் போட்டு மடிச்சுக்கிட்டு இருந்தா. கஸ்டமர் வந்தாவ, உக்காந்தே சேலை காட்டுனா. உக்காந்தே வித்தா சார்! அன்னைக்கு மாடியிலயே அவ கவுண்டர்லதான் யாவாரம் கூட. அதுவா முக்கியம்? மத்தவளுக எல்லாம் கையில இருக்க வேலையை விட்டுட்டு அவளையே பாத்துக்கிட்டு நிக்காளுக. நான் கத்துதேன், வேலையை விட்டுத் தூக்கிருவேன்னு சொல்லுதேன். ஸ்டூலோட சேத்துத் தூக்கிரலாமான்னுகூட யோசிச்சேன், பொம்பளைப் பிள்ளையாப் போச்சு. காலையில பதினொண்ணரைக்கு உக்காந்தவ, சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா எந்திரிச்சா. ஸ்டூலைத் துடைச்சு ஓரமா வச்சா. நாளையிலருந்து வராதேன்னேன். "சரி சார்"ன்னுட்டுப் படியிறங்கிப் போயிட்டா.

கொழுப்பு சார். வேற என்ன? தகப்பன் கிடையாது, கீழ ரெண்டு தங்கச்சி, இவ சம்பளத்துலதான் உலை கொதிக்கணும். அப்படி இருந்தும் உக்காருதான்னா பாத்துக்கிடுங்க.

வயித்துக்கிட்ட ஒரு உருளை வருதா? கூச்சமா இருக்கும். சிரிச்சுக்கிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.

அந்த நாப்பது ஸ்டூலையும் சின்ன முதலாளி குடோன்ல பாத்துட்டாரு. கவர் பிரிக்காம புதுசு மாதிரி இருக்கு. உடனே ஒரு யோசனை. பொறந்தநாள் ஹால்ல நாற்காலிப் போட்டி. பாட்டுப் போட்டுச் சுத்தி ஓடவிட்டு, நிறுத்தினதும் உக்காரணும், இடம் கிடைக்காதவங்க அவுட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்டூலை எடுத்துருவோம்லா, அதுதான். ஸ்டூலுக்கு அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காரதுக்கு டிக்கெட் எடுத்து வாராவ சார், ஜனம். பாட்டை நிறுத்துததும் ஸ்டூலை எடுக்கதும் என் பொறுப்பு. "இதுல உங்களை விட்டா யாரு இருக்கா அண்ணாச்சி"ங்காரு சின்ன முதலாளி. என்ன அர்த்தத்துல சொல்லுதாருன்னு தெரியலை, பாராட்டாத்தான் இருக்கும்.

ரெண்டு வாரத்துக்கு முந்தி, ஞாயித்துக்கிழமை, ஒரு பிள்ளைக்குப் பொறந்தநாள். கூட்டத்துல பாத்தா முப்பிடாதி. பொறந்தநாள் வீட்டுக்குப் பக்கத்து வீடாம். பாளையங்கோட்டையில பிளவுஸ் தைக்குத கடை வச்சிருக்காளாம், நாலு மெஷினு, நாலு பொம்பளைக வேலைக்கு. நாலு பேருக்கும் சாய்மானம் வச்ச நாற்காலியாம். பீத்தல்தான்.

பிள்ளையள் ஆட்டம் முடிஞ்சு தாய்மார் ஆட்டம். அவளும் இறங்கிட்டா. கடைசியில ஒரு ஸ்டூலு, ரெண்டு பேரு, அவளும் ஒரு டீச்சரம்மாவும். பாட்டு என் கையில. அவ ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் வரும்போது நிறுத்தலை, அந்தப் பக்கம் போனப்புறம்தான் நிறுத்தினேன். வேணும்னு செய்யலை சார், கைப் பழக்கம். அப்படியும் ஒரே எட்டுல வந்து உக்காந்துட்டா. எல்லாரும் கை தட்டுதாவ. அவ என்னைப் பாத்து, "இப்ப எந்திரிக்கணுமா சார்?"ன்னா.

விளையாட்டுக்குத்தான் கேட்டா. எல்லாரும் சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். மூட்டு வலியில சிரிப்பு சரியா வரலை. அதைப் பாத்துட்டா போல. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கேக்கு திங்கப் போனதும் அந்த ஸ்டூலைக் கொண்டாந்து என் பக்கத்துல போட்டா. "கால் ரொம்ப வலிக்குதா சார்? செத்த நேரம் உக்காருங்க"ன்னா. நான் உக்காருவேனா? டியூட்டியில உக்கார மாட்டேன்னு சொல்லிட்டேன். இவ சொல்லி நான் உக்காரதா?

ஆனா வீட்டுக்குப் போயி யோசிச்சேன். மறுநாளே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதித் தொழிலாளர் ஆபீசுக்குப் போட்டேன். பேர் போடலை. "எங்களை நிக்க வச்சுக் கொல்லுதாங்க, இது அநியாயம், இதைக் கேக்க நாதியில்லையா"ன்னு ரெண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிட்டு. முந்தி எவளாவது மொட்டைக் கடுதாசி போட்டா ஒரு மணி நேரத்துல கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிச்சிருவேன். அதனால இடது கையில எழுதினேன். ராத்திரி முழுக்க எழுதிப் பழகி.

அதைப் படிச்சுட்டுத்தானே நீங்க வந்திருக்கீங்க? தலையை ஆட்டாதீங்க சார், தெரியும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இன்னைக்குக் காலையில வந்து பாத்தா என் இடத்துல இந்த ஸ்டூல் கிடக்கு. கவரோட. சின்ன முதலாளி மாடிக்கே வந்து, "அண்ணாச்சி, யாராவது கேட்டா உக்காந்துதான் வேலை பாக்கோம்னு சொல்லிருங்க"ன்னாரு. அப்பவே புரிஞ்சுட்டு, ஆபீசர் வாராருன்னு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன் சார். உண்மையைச் சொல்லுவேன். இந்தா சொல்லிட்டேனே. நீங்க எழுதிக்கிடுங்க, கை வெளிய வந்தப்புறம்.

உங்க முன்னால உக்காந்தா தப்பில்லையே? சட்டமே உங்க கையில இருக்கு. இருங்க. ம்ம். அம்மாடி. கவர் நொறுநொறுங்குது, கேக்குதா? பரவாயில்லை. அய்யோ, என்ன சொகம். முழங்கால்ல ஆணி அடிச்சு வச்சிருந்ததை யாரோ பிடுங்கி எடுத்த மாதிரி இருக்கு சார். இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பாடு?

செல்லு அடிக்குது. சின்ன முதலாளிதான். உக்காந்துக்கிட்டே பேசுதேன், பாத்துக்கிடுங்க.

ஹலோ... சொல்லுங்க முதலாளி... வந்துட்டாரா? யாரு? ஆபீசரா?... கீழயேவா?... சரி... பாதாம்பாலா?... ஊதி ஊதியா?... அப்ப ஒண்ணாவது மாடியோட போயிட்டாரா... ஆமா, நான் சொல்லிக்குடுத்த முறைதான்... சந்தோசம்... ஹால்ல பார்ட்டியா? ஒண்ணு குறையுதா?... எதை? இதையா?... சரி முதலாளி.

போயிட்டாராம்.

அப்ப நீங்க யாரு சார்? என்னது, பேரன் கீழ துள்ளிக்கிட்டு இருக்கானா? அதுக்கா வெயிட் பண்ணுதீங்க? எல்ஐசி ஏஜெண்டா? ஏன் சார், முதல்லயே வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? இருபது நிமிஷத்துக்கு ஓட விட்டிருக்கேன். நான் பேசினதை மனசுல வச்சுக்கிடாதீங்க, கீழ போயி யாருகிட்டயும் சொல்லிராதீங்க. இங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க. உக்காந்துதான் வேலை பாக்கோம்.

மெஷின்ல இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அது வரைக்கும் இருந்துட்டுப் போனா என்ன? நாலு நிமிஷத்துல ஹால்ல யாரும் செத்துப் போக மாட்டாவ... வேண்டாம். முதலாளி சொல்லியாச்சு. ஆறரை மணி நேரம் உக்காந்திருந்தா சார் அந்தப் பிள்ளை. பக்கத்துல நின்னு நான் கத்துதேன், முப்பத்தொம்பது பேரு பாக்காவ, ஆறரை மணி நேரம். எப்படித்தான் உக்காந்தாளோ. நான் ஆறு நிமிஷம்கூட... அவளுக்கு என்ன சார், கொழுப்பெடுத்தவ. நமக்கு அப்படியா, குடும்பம்னு ஒண்ணு இருக்குல்லா.

இந்தா, எந்திரிச்சாச்சு. அப்பா. ஸ்டூலை எடுக்க ஆள் அனுப்புதேன்னாரு, எதுக்கு ஆளு? நானே தூக்கிட்டுப் போயிருவேன், எனக்குத்தான் அதுல சர்வீஸ் இருக்கே. நீங்க எந்திரிக்காதீங்க சார். உங்களுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.